வாரத்துக்கு ஒரு மாத்திரை, தினமும் ஒன்றாக மாறியது ஏன்?

கேள்வி: அப்பாவுக்கு வயது 66. முடக்குவாதத்துக்கு மீத்தோட்ரெக்ஸேட் 15 மி.கி. மாத்திரையை வாரம் ஒன்று போடச் சொல்லியிருந்தார்கள். மெடிக்கலில் கொடுத்த கவரில் ‘இரவு 1’ என்று எழுதியிருந்ததால் தினமும் போட்டுவிட்டார். ஐந்தாம் நாள் வாயெல்லாம் புண், காய்ச்சல். மருத்துவமனையில் சேர்த்துக் காப்பாற்றினோம். இப்போது அதே மாத்திரையைத் திரும்பத் தொடங்கச் சொல்கிறார்கள். தொடங்கலாமா? மறுபடி இப்படி நடக்காமல் எப்படிப் பார்த்துக்கொள்வது?

பதில்: ரத்த அணுக்களும் சிறுநீரகமும் கல்லீரலும் பழைய நிலைக்கு வந்துவிட்டன என்று பரிசோதனையில் தெரிந்தால் தொடங்கலாம். எந்த அளவில் தொடங்குவது என்பதை உங்கள் மூட்டு மருத்துவர் முடிவு செய்யட்டும். முடக்குவாதத்தில் மூட்டுகள் அரித்துப்போகாமல் காக்க முதலில் தேர்ந்தெடுக்கப்படும் மருந்து இது. பயந்து நிறுத்திவிட்டால் அப்பாவின் விரல்கள்தான் கோணிப்போகும்.

உடல் புதிய செல்களை உருவாக்க ஃபோலேட் என்ற வைட்டமின் தேவை. அதைப் பயன்படுத்தவிடாமல் தடுப்பதுதான் இந்த மாத்திரையின் வேலை. வாரம் ஒருமுறை போட்டால் ஓரிரு நாளில் சிறுநீரகம் பெரும்பகுதியை வெளியேற்றிவிடும். மீதி நாட்களில் எலும்பு மஜ்ஜையும் வாய், குடலின் உட்தோலும் தேறிக்கொள்ளும். தினமும் போடும்போது அந்த இடைவெளியே கிடைப்பதில்லை. வெள்ளணுக்களும் தட்டணுக்களும் குறைந்து, வாய்ப்புண், காய்ச்சல், வயிற்றுப்போக்கு, தோலில் ரத்தக்கட்டு என்று வரிசையாக வரும். ஒரே இரவில் கூடுதலாக விழுங்குவதைவிட, சிறு அளவைத் தொடர்ந்து பல நாள் போடுவது பெரும்பாலும் அதிக ஆபத்து. இரண்டுக்குமே மருத்துவமனைக்குத்தான் ஓட வேண்டும்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் சொல்கிறேன்: தினமும் போட்டுவிட்டோம் என்று தெரிந்தால், இரண்டு மூன்று நாள்தானே, ஆள் நன்றாகத்தானே இருக்கிறார் என்று காத்திருக்காதீர்கள். மாத்திரையை நிறுத்தி, அட்டையை எடுத்துக்கொண்டு அன்றே போங்கள். முறிவு மருந்தாக ஃபோலினிக் அமிலம் கொடுப்பார்கள். பக்கவிளைவைக் குறைக்க இதோடு சேர்த்துத் தந்து, வீட்டில் இருக்கும் ஃபோலிக் அமில (ஃபோலேட் வைட்டமின்) மாத்திரை அதற்கு ஈடாகாது. அது உடலில் வேலை செய்ய வேண்டிய படியையே மீத்தோட்ரெக்ஸேட் அடைத்துவைத்திருக்கிறது. முதல் நாள் ரத்தப் பரிசோதனை சரியாக இருந்தாலும் நம்பிவிடக் கூடாது. அணுக்கள் சில நாள் கழித்துத்தான் சரியும். அதனால் மறுபடி மறுபடி பார்க்க வேண்டும்.

சரி, தவறு எங்கே நடந்தது? மெடிக்கல் கவரைப் பாருங்கள். காலை, மதியம், இரவு என்று மூன்று கட்டம்தான் இருக்கும். கிழமை எழுத அதில் இடமே கிடையாது. மருத்துவர் 0-0-1 என்று போட்டு, பக்கத்தில் ‘வாரம் ஒருமுறை’ என்பதைப் பொடியாக எழுதியிருந்தால், கூட்ட நேரத்தில் கடைக்காரர் கண்ணில் 0-0-1 மட்டுமே படும். ‘ஒரு மாதத்துக்கு’ என்று கேட்டால் கை தானாக 30 மாத்திரையை எண்ணும். அப்பாவின் அளவுக்கு நான்கு வாரத்துக்கு வேண்டியது நான்கே மாத்திரை.

அதனால் அந்த நான்கை மட்டும் வாங்குங்கள். தப்பித்தவறி தினமும் போட்டாலும் நான்காம் நாள் தீர்ந்துபோய் விஷயம் வெளியே தெரிந்துவிடும். அட்டையை வெட்டித் தரும்போது மருந்தின் பெயரும் காலாவதித் தேதியும் உள்ள துண்டைக் கேட்டு வாங்குங்கள். பில்லிலும் பெயர் இருக்க வேண்டும். நம் கடைகளில் 2.5, 5, 7.5, 10, 15 மி.கி. எல்லாம் கிடைக்கும், வீட்டில் ஒரே அளவு மட்டும் இருக்கட்டும். 15 மி.கி. தீர்ந்துவிட்டது என்று 2.5 மி.கி. கொடுத்தால் ஒரு வேளைக்கு ஆறு மாத்திரை ஆகிவிடும். இந்தக் குழப்பம் வேண்டாம், வேறு கடையில் பாருங்கள்.

மருந்துச் சீட்டில் கிழமையை முழுப் பெயராக எழுதச் சொல்லுங்கள். ஆங்கிலச் சீட்டில் திங்கள்கிழமையைத் தவிர்ப்பது நல்லது. அவசரக் கையெழுத்தில் மண்டே என்பது மார்னிங் என்று படும். புதன்கிழமை என்று வைத்துக்கொண்டால் கவரில் தமிழில் ‘புதன் மட்டும், முடக்குவாதத்துக்கு’ என்று பெரிதாக எழுதி, மூன்று கட்டத்தையும் பேனாவால் அடித்துவிடுங்கள். இந்த மாத்திரையைத் தினசரி மாத்திரைப் பெட்டியில் போடவே வேண்டாம். ஃபோலிக் அமிலத்தை மருத்துவர் சொன்ன வேறு நாளில் கொடுங்கள். இரண்டும் பெரும்பாலும் சிறிய மஞ்சள் மாத்திரைகள், மாறிப்போவது சுலபம். ஒரு வாரம் மறந்தால் இரண்டு நாளுக்குள் போடலாம். அதைத் தாண்டினால் விட்டுவிட வேண்டும், அடுத்த வாரம் சேர்த்துப் போடக் கூடாது. வாந்தி, பேதியால் உடல் வறண்டிருந்தாலோ, காய்ச்சல் இருந்தாலோ அந்த வார மாத்திரைக்கு முன் மருத்துவரைக் கேளுங்கள்.

இன்னொன்று. சளி, சிறுநீர்த் தொற்று என்று கடைக்குப் போனால் கோட்ரைமாக்சசோல் என்ற ஆன்டிபயாடிக் மட்டும் வேண்டவே வேண்டாம். அதுவும் ஃபோலேட்டைத் தடுக்கும். இரண்டும் சேர்ந்து உயிரை வாங்கியிருக்கின்றன. டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகளையும் கடையில் கேட்டு வாங்க வேண்டாம்.

கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாமல், அந்தப் பழைய கவரோடு போய்க் காட்டுங்கள். பதிவுபெற்ற மருந்தாளுநரின் மேற்பார்வையில்தான் மருந்து தர வேண்டும் என்பது 1945 முதல் உள்ள விதி. நோயாளிக்கு விளக்கிச் சொல்வது அவர் கடமை என்கின்றன 2015-இன் மருந்தக நடைமுறை விதிகள். மீத்தோட்ரெக்ஸேட்டைத் தனிப் பெட்டியில் வைக்கவும், கொடுக்கும் முன் “எந்தக் கிழமை போடுகிறீர்கள்?” என்று கேட்கவும் அவருக்குச் செலவு எதுவும் இல்லை. ஐரோப்பிய மருந்து முகமை 2019-இல், இந்த மாத்திரையை டப்பாவில் அடைக்காமல் அட்டையில் மட்டும் விற்கவும், வாரம் ஒருமுறை என்ற எச்சரிக்கையைத் தெளிவாக அச்சிடவும் சொன்னது. நம் கடைகளில் அதற்கு ஒரு சிவப்பு ஸ்டிக்கர் போதும்.

அப்பாவுக்கு நடந்ததை 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் தெரிவியுங்கள். இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் எண் அது. நோயாளியின் குடும்பத்தாரும் அழைக்கலாம். மாத்திரையைத் தொடங்கியபின் முதலில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறையும், நிலைப்பட்ட பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் ரத்த அணுக்கள், கல்லீரல், சிறுநீரகப் பரிசோதனைகளைத் தவறாமல் செய்யுங்கள்.