அடுத்தவர் பேசும்போது

அன்புள்ள ஐயா,

போன வாரம் 'பசி' படம் பார்த்தேன். டெல்லி கணேஷ் நானூறு படங்களுக்கு மேல் நடித்தவர் என்கிறார்கள். ஆனால் கடைசி வரை அப்பா, சித்தப்பா, ஐயர் என்றே அவரை ஓட்டிவிட்டார்கள். பெரிய விருதும் கிடையாது. தமிழ் சினிமா அவரை வீணடித்துவிட்டது என்றுதான் எனக்குப் படுகிறது.

என் மகன் பி.காம். முடித்துவிட்டு நடிக்கப் போகிறேன் என்கிறான். தினமும் மொபைலைப் பார்த்து வசனம் பேசி வீடியோ போடுகிறான். நன்றாகவே பேசுகிறான். அவனை நாடகக் குழுவில் சேர்க்கலாமா, நடிப்புப் பள்ளியில் சேர்க்கலாமா? நாடகத்தில் போய் டெல்லி கணேஷ் மாதிரி ஆகிவிடுவானோ என்றும் பயமாக இருக்கிறது.

எஸ்., அம்பத்தூர்

அன்புள்ள எஸ்.,

நடிக்கப் போகிறேன் என்ற மகனிடம் சண்டை போடாமல் எங்கே சேர்க்கலாம் என்று கேட்கிறீர்கள். அதற்காகவே உங்களைப் பிடித்துவிட்டது. ஆனால் "டெல்லி கணேஷ் மாதிரி ஆகிவிடுவானோ" என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் கோபம் வந்தது. அவர் மாதிரி ஆவது என்ன அவ்வளவு லேசா?

விருதுப் பேச்சை முதலில் தள்ளிவிடுவோம். 'பசி'க்குத் தமிழக அரசின் சிறப்புப் பரிசு வாங்கினார், 1994ல் கலைமாமணி வாங்கினார். அதற்கு மேல் விருதுக் கணக்கு பார்க்க எனக்கு விருப்பமில்லை.

அவர் வந்த வழியைப் பாருங்கள். 1944ல் வல்லநாட்டில் பிறந்தவர். 1964 முதல் பத்து வருடம் விமானப்படையில் வேலை. டெல்லியில் தட்சிண பாரத நாடக சபாவில் மேடை ஏறினார். சென்னைக்கு வந்து காத்தாடி ராமமூர்த்தியின் குழுவில் நடித்தார். விசுவின் 'பட்டினப் பிரவேசம்' நாடகத்தை பாலசந்தர் 1977ல் படமாக எடுத்தபோதுதான் சினிமா. பெயருக்கு முன்னால் டெல்லியைச் சேர்த்ததும் பாலசந்தர்தான். முதல் படம் வெளிவந்தபோது முப்பதைத் தாண்டியிருந்தார். அதற்குள் மேடையில் ஒரு விஷயத்தைப் படித்து முடித்திருந்தார்: அடுத்தவர் பேசும்போது கேட்பது. நான் சில மாதங்களாக யோசித்துக்கொண்டிருந்ததும் அதைத்தான். உங்கள் கடிதம் சரியாக அந்த இடத்தில் வந்து தொட்டுவிட்டது.

இளவயதில் ஒரு அமெச்சூர் நாடகக் குழுவில் நான் பிராம்ப்டராக இருந்தேன். நடிகர்களுக்கு வசனம் மறந்தால் மறைவிலிருந்து எடுத்துக்கொடுக்கிற வேலை. மேடை ஓரத்துச் சைடு விங்கில் ஸ்டூல் போட்டு, டார்ச்சில் நீலக் காகிதம் சுற்றி, வசன நோட்டில் விரல் வைத்தபடி உட்கார்ந்திருப்பேன். அந்த இடத்திலிருந்து பார்த்தால் நடிகர்களின் குட்டு வெளிப்பட்டுவிடும். பாதிப் பேர் எதிரில் இருப்பவர் பேசுவதைக் கேட்கவே மாட்டார்கள். தன்னுடைய அடுத்த வசனத்தை மனசுக்குள் ஓட்டிக்கொண்டிருப்பார்கள், உதடு லேசாக அசையும். தன் முறை வந்துவிட்டது என்று காட்டுகிற க்யூ, எதிராளியின் அந்தக் கடைசி வார்த்தை மட்டும்தான் காதில் விழும். விழுந்ததும் தொங்குகிற மைக்கைப் பார்த்து நகர்ந்து ஆரம்பித்துவிடுவார்கள்.

எங்கள் குழுவில் ஒருவருக்கு எப்போதும் சின்ன வேடம்தான். பெரியப்பா, வீட்டுக்காரர், மானேஜர். ஒரு காட்சியில் வீட்டுப் பெண் நான் வேலையை விட்டுவிட்டேன் என்று சொல்வாள். இவர் பக்கத்தில் உட்கார்ந்து காபி ஆற்றிக்கொண்டிருப்பார். டம்ளர், டவரா ரெண்டும் காலி. ஆனால் சூடான காபி மேலே தெறிக்காமல் ஆற்றுகிற மாதிரி கை பதமாக ஏறி இறங்கும். அவள் சொன்னதும் கை பாதியில் நிற்கும். டவரா சாய்ந்தது சாய்ந்தபடி இருக்கும். அவருக்கு அங்கே வசனமே இல்லை. சபா மொத்தமும் அவரைத்தான் பார்க்கும். நோட்டில் அந்த இடம் வெறும் வெள்ளைக் காகிதம். நாடக ஆசிரியர் எழுதாததை அவர் காதால் கேட்டு நடித்தார்.

டெல்லி கணேஷிடம் இருந்தது இந்தக் காதுதான். சரி, படத்துக்கு வருகிறேன். 'சிந்து பைரவி'யில் (1985) மிருதங்கக்காரர் குருமூர்த்தி. பாடுகிறவர் சிவகுமார், கதையும் அவருடையது. பக்கத்தில் இருக்கிறவனுக்குக் கேட்பதுதான் தொழில். குடித்துவிட்டு வந்ததற்காக வித்வானின் கோபத்துக்கு ஆளாகிற குருமூர்த்தியைப் பாருங்கள். 'மைக்கேல் மதன காமராஜ'னில் (1990) பாலக்காட்டு மணி ஐயர். கமலின் காமேஸ்வரன் பதறப் பதற, சிரிப்பு பிறப்பது அதைக் காதில் வாங்குகிற அப்பா மணி ஐயரின் முகத்தில். வாங்க ஆள் இல்லாவிட்டால் அந்த வேகம் முழுக்கக் காற்றில் போயிருக்கும். நீங்கள் பார்த்த 'பசி'யில் (1979) சென்னை ரிக்‌ஷாக்காரர். தாமிரபரணிக் கரைக்காரருக்கு அந்த மெட்ராஸ் பேச்சு எங்கிருந்து வந்தது? தெருவில் பேசுவதைக் கவனித்துக் கேட்டால்தான் வரும். '47 நாட்கள்' படத்தில் சிரஞ்சீவிக்குக் குரல் கொடுத்தவரும் இவர்தான். அடுத்தவன் உதட்டையும் மூச்சையும் தொடர்ந்து போகத் தெரியாதவனால் டப்பிங் பேச முடியாது.

இதை எல்லாம் "வீணடித்துவிட்டார்கள்" என்று எப்படி மனசு வந்து எழுதினீர்கள்? கதாநாயகன் ஆகாதவன் தோற்றவன் என்ற எண்ணம் உங்களுக்கு எங்கிருந்து வந்தது? நீங்கள் அம்பத்தூரில் வேலைக்குப் போகிறவராகத்தான் இருப்பீர்கள். முதலாளி ஆகவில்லை என்பதால் உங்கள் உழைப்பு வீண் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்வீர்களா? 2024 நவம்பரில் அவர் இறந்தபோது விமானப்படையினர் வந்து மரியாதை செலுத்தினார்கள். சினிமாக்காரர்கள் வந்தார்கள். டிவியில் பார்த்த ஒவ்வொரு வீட்டிலும் தங்கள் வீட்டுப் பெரியவர் போய்விட்ட மாதிரி பேசிக்கொண்டார்கள். இதைவிட ஒரு நடிகனுக்கு என்ன வேண்டும்?

மகன் விஷயம். மொபைல் வீடியோவைத் திட்டப் போவதில்லை, குரல் பழகும். ஆனால் அதில் அவன் மட்டும்தான் பேசுகிறான். எதிரே ஆள் இல்லை. கேட்கிற பழக்கமே வராமல் பத்தாயிரம் வசனம் பேசிவிடுவான், அதுதான் என் கவலை. நடிப்புப் பள்ளி பற்றி என்னிடம் கேட்காதீர்கள், நல்லதும் இருக்கும், காசு பறிப்பதும் இருக்கும், நேரில் போய்ப் பாருங்கள்.

நாடகத்துக்கு அனுப்புங்கள். ஆனால் நேராக நடிக்க அல்ல. தி.நகர் வாணி மகாலிலோ நாரத கான சபாவிலோ நாடகம் போடுகிற நாளாகப் பார்த்து டிக்கெட் வாங்கி அவனைக் கூட்டிப் போங்கள். பேசுகிறவரை விட்டுவிட்டு, பேசாமல் நிற்கிறவரைப் பார்க்கச் சொல்லுங்கள். நாடகம் முடிந்ததும் கிரீன் ரூம் வாசலில் போய், பிராம்ப்ட் பண்ண ஆள் வேண்டுமா என்று அவனே கேட்கட்டும். நீங்கள் கேட்டுத் தராதீர்கள்.