போதை மீட்பு மையத்தில் நாய்: கேட்டவையும் பதில்களும்

வீட்டுக்காரர் குடியை நிறுத்த மையத்தில் சேர்ந்து மூன்று நாள் ஆகிறது. எங்கள் நாயைப் பார்க்க வேண்டும் என்கிறார். கூட்டிக்கொண்டு போகட்டுமா? (சேலம்)

இப்போது வேண்டாம் அம்மா. குடியை நிறுத்தியவருக்கு முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். அதையடுத்த இரண்டு நாளில் குழப்பம் வரலாம், இல்லாதது கண்ணுக்குத் தெரியலாம். அந்த நேரத்தில் மடியில் ஏறும் நாயை வேறெதுவோ என்று நினைத்து உதைத்துவிட்டால், பழகிய நாயும் கடிக்கும். கை நடுக்கம் அடங்கி, தூக்கம் ஓரளவு வந்து, மருத்துவர் சரி என்ற பிறகு முற்றத்தில் கயிற்றோடு ஒரு இருபது நிமிடம் போதும்.

நாயைத் தடவினால் மனம் இளகும், சரி. அதை எப்படிச் சிகிச்சை என்பது? ஒரு அமர்வில் என்னதான் செய்வது? (ஆலோசகர், திருச்சி)

எல்லோரும் கொஞ்சிவிட்டுப் போவதற்கு 'வருகை' என்று பெயர். அதுவும் நல்லதுதான், ஆனால் நோயாளியின் கோப்பில் ஒரு குறிக்கோளும் அதை அளக்க ஒரு வழியும் எழுதப்பட்டால்தான் சிகிச்சை ஆகும். 'பொறுமை வளர வேண்டும்' என்று எழுதினால் அளக்க முடியாது. 'எரிச்சல் ஏறுவதைத் தானே கவனித்துச் சொல்ல வேண்டும்' என்று எழுதுங்கள்.

ஒரு நாய்க்கு ஆறு பேருக்கு மேல் வேண்டாம். நாயைக் கையாளும் ஹேண்ட்லர் ஒருவர், ஆலோசகர் வேறொருவர். செலவு மிச்சம் என்று ஒரே ஆள் இரண்டையும் செய்தால், நாய் பதற்றத்தில் கொட்டாவி விடுவதையும் கவனிக்க முடியாது, மூலையில் ஒருவர் கண் கலங்குவதையும் கவனிக்க முடியாது.

முதல் பத்து நிமிடம் நாய் அறையை மோந்து பார்க்கட்டும். யாரும் கூப்பிடக் கூடாது. அடுத்த இருபத்தைந்து நிமிடம் ஒரே ஒரு வேலை. உதாரணமாக 'உட்கார்' பழக்குவது. விரல் நுனியளவு வேகவைத்த கோழித் துண்டை நாயின் மூக்கருகே பிடித்து, தலைக்கு மேலாகப் பின்பக்கம் மெல்ல நகர்த்த வேண்டும். பின்புறம் தரையில் பட்ட கணமே துண்டைக் கொடுத்துவிட வேண்டும். கையை உயரத் தூக்கினால் நாய் குதிக்கும், அவசரப்பட்டால் பின்வாங்கும், குரல் ஏறினால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். மூன்றாம் முறையும் தப்பும்போது பழக்கும் நோயாளி பல்லைக் கடிப்பார். ஆலோசகருக்கு வேலை தொடங்குவது அங்கேதான்: "இப்ப தோள் எப்படி இருக்கு? எப்ப இறுகிச்சு?" குடிக்கத் தோன்றும் வேட்கை வரும்போதும் உடம்பு இப்படித்தானே இறுகுகிறது என்று அவரே சொன்னால் அன்றைய வேலை முடிந்தது.

நாயை வெளியே அனுப்பிவிட்டு, கடைசிப் பத்து நிமிடம் பேச்சு. நாயை வைத்துக்கொண்டு பேசினால் பாதிப் பேர் அதன் வாலைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

ரேபிஸ் ஊசி போட்ட நாய்தானே, நக்கினால் என்ன? (செவிலியர், மதுரை)

ரேபிஸ் ஊசி ஆண்டுதோறும் கட்டாயம். ஆனால் உங்கள் நோயாளிகளுக்கு இன்னொரு ஆபத்து உண்டு. நாயின் எச்சிலில் இயல்பாகவே இருக்கும் கேப்னோசைட்டோஃபாகா என்ற பாக்டீரியா, பெரும்பாலோரை ஒன்றும் செய்யாது. குடியால் ஈரல் கெட்டவருக்கும் மண்ணீரல் எடுத்தவருக்கும் ரத்தத்தில் பரவி உயிருக்கே உலை வைக்கலாம். அதனால் நக்க விடாதீர்கள். ஊசி போட்ட புண், சிரங்கு இருந்தால் மூடிவிட்டு உள்ளே அனுப்புங்கள். முன்னும் பின்னும் சோப்பால் கை கழுவ வேண்டும். சால்மோனெல்லா என்ற கிருமி பரவும் என்பதால் பச்சை இறைச்சி தின்னும் நாயைச் சேர்க்காதீர்கள்.

கடியோ கீறலோ பட்டால் ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவரிடம் அனுப்புங்கள். ஈரல் நோய் இருப்பதை மறக்காமல் சொல்லச் சொல்லுங்கள். மருந்து முடிவே அதனால் மாறும்.

எதிர்ப்பக்க ஆபத்தும் உண்டு. தரையில் விழுந்த மாத்திரை, பீடித் துண்டு, நிக்கோட்டின் சூயிங்கம் எல்லாமே நாய்க்கு விஷம். நாய் வருமுன் அறையைப் பெருக்குங்கள், சட்டைப் பைகளைக் காலி செய்யச் சொல்லுங்கள்.

ஆய்வுகள் நிரூபித்திருக்கின்றனவா? (உளவியல் மாணவர், சென்னை)

எதை நிரூபித்தன என்று பிரித்துக் கேளுங்கள். 2024-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில் 156 படைவீரர்கள் கலந்துகொண்டார்கள். வழக்கமான சிகிச்சையோடு பயிற்சி பெற்ற சேவை நாயையும் பெற்றவர்களுக்கு, மூன்று மாதத்தில் மன அதிர்ச்சியின் அறிகுறிகள் மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தன. ஆனால் யாருக்கு நாய் என்பது குலுக்கல் முறையில் முடிவாகவில்லை. தவிர, அது இரவும் பகலும் கூடவே வாழும் நாய். வாரம் ஒருமுறை மையத்துக்கு வரும் நாய்க்கு அந்த முடிவைப் பொருத்தக் கூடாது. போதை மீட்பில் நடந்தவை பெரும்பாலும் சின்னக் குழுக்களை வைத்த குறுகிய கால ஆய்வுகள். மறுபடி குடிப்பதை நாய் தடுக்கும் என்று விளம்பரம் செய்யும் மையத்தை நம்பாதீர்கள்.

அதிர்ச்சிக்கு ஆளான பெண் ஒருவருக்கு நாயென்றாலே பயம். (சமூகப் பணியாளர், கோவை)

கட்டாயப்படுத்தாதீர்கள். அவர் கேட்டால் மட்டும், நாற்காலியைக் கதவருகே போட்டு, படுத்திருக்கும் நாயை ஐந்து மீட்டர் தள்ளி வையுங்கள். தூரத்தைக் குறைப்பதும் கூட்டுவதும் அவர் கையில். நாய் கடித்ததே அதிர்ச்சிக்குக் காரணம் என்றால் அதற்கு வேறு சிகிச்சை முறை உண்டு, உளவியலாளரிடம் அனுப்புங்கள்.

நாட்டு நாய் ஆகுமா? (விருதுநகர்)

தாராளமாக. மே மாதத்தில் லாப்ரடார் மூச்சிரைத்துக்கொண்டு கிடக்கும்போது நாட்டு நாய் சமாளித்துவிடும். ஆனால் தெருவிலேயே வளர்ந்த நாய் பலவற்றுக்கு அந்நியர் கை பட்டால் கூச்சம். ஒரு வயதுக்குமேல் ஆனதும் சோதியுங்கள்: சற்றுத் தள்ளி எவர்சில்வர் தட்டைக் கீழே போடுங்கள். திடுக்கிடலாம், தப்பில்லை. சில நொடியில் திரும்பி வந்து தட்டை மோந்து பார்க்கிறதா என்பதே கேள்வி.

தேர்வான பிறகும் ஒவ்வொரு முறையும் நாயிடம் அனுமதி கேளுங்கள். மூன்று நொடி தடவிவிட்டுக் கையை எடுங்கள். ஒட்டி வந்தால் தொடரலாம். உதட்டை நக்குவது, கண் வெள்ளை தெரியப் பார்ப்பது, வாலை இடுக்குவது எல்லாம் 'போதும்' என்பதற்கு அடையாளம். நாயின் வேலை ஒரு நாளில் மொத்தம் இரண்டு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது.

நாய்க்குப் பதில் குதிரையை வைத்துச் செய்யலாமா?

பெரும்பாலும் சவாரி கிடையாது, தரையில் நின்று நடத்துவதும் தேய்த்துவிடுவதும்தான். தோள் பக்கமாக அணுக வேண்டும், பின்னால் நிற்கக் கூடாது, மூடிய காலணி கட்டாயம். செலவு பல மடங்கு.

அண்ணன் மையத்திலிருந்து வந்ததும் நாய் வாங்கிக் கொடுக்கலாமா? (தம்பி, ஈரோடு)

முதல் ஆறு மாதம் வேண்டாம் என்பேன். ஏற்கெனவே நாய் இருந்தால், அண்ணன் மறுபடி குடித்தாலோ மையத்தில் சேர்ந்தாலோ அதற்கு யார் சோறு வைப்பது என்று முன்கூட்டியே பேசி, சோறு வைப்பவரின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் மீட்புத் திட்டத் தாளில் எழுதி வையுங்கள். நாயைப் பார்க்க ஆளில்லை என்று சிகிச்சையைத் தள்ளிப்போடுகிறவர்கள் உண்டு.