கடல் போனாலும் வலை போகாத ஊர்

கேள்வி: நெதர்லாந்தில் உர்க் என்று ஒரு மீனவத் தீவு, இப்போது தீவே இல்லையாமே? கடல் எங்கே போயிற்று?
- ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: எங்கேயும் போகவில்லை, அடைத்துவிட்டார்கள்! 1916-ல் உர்க்கைச் சூழ்ந்திருந்த சுய்டர்சே என்ற உள்வாங்கிய கடல் பொங்கி ஊர்களை மூழ்கடித்ததும், டச்சுக்காரர்கள் பொறுத்தது போதும் என்று 1932-ல் சுமார் 32 கிலோமீட்டர் அணை கட்டி அதன் வாயை மூடினார்கள். உப்புநீர் நன்னீராக, ஹெர்ரிங்கும் நெத்திலியும் போயே போச்சு. 1939-ல் இன்னோர் அணை வந்து தீவைத் தொட்டது, 1942-ல் கிழக்குப் பக்கத் தண்ணீரும் வடிந்து வயலாகிவிட்டது.

வேறு ஊராக இருந்தால் வலையைச் சுருட்டி வைத்திருக்கும். உர்க்காரர்களோ பெரிய படகு வாங்கி வடகடலுக்குப் போய்விட்டார்கள், இன்றும் நாட்டின் முக்கிய மீன் சந்தைகளில் ஒன்று அங்கேதான். ஆனால் ஞாயிறு ஓய்வுநாள். சனிக்கிழமைக்குள் படகுகள் துறைமுகம் திரும்பிவிடும், அவ்வளவு பக்தி.

அப்புறம், 'பாப்பா எங்கிருந்து வந்தது?' என்று குழந்தை கேட்டால் கரைக்கு அப்பால் நீரில் கிடக்கும் ஒரு பாறையைக் காட்டுவார்கள், அப்பா படகு ஓட்டிப் போய் அதிலிருந்து எடுத்து வருவாராம்! அதே ஊரில் கடலைத் திரும்பிப் பார்த்தபடி ஒரு பெண் சிலை நிற்கிறது, பாவாடை காற்றில் பறக்க. சுற்றிலும் பலகைகளில், திரும்பாத மீனவர்களின் பெயர்கள்.