ஆறாத புண்ணுக்குச் சொந்த இரத்தமே மருந்தா?

கேள்வி: சர்க்கரை நோயாளியான என் தந்தையின் பாதப் புண் நான்கு மாதங்களாக ஆறவில்லை. அவருடைய இரத்தத்தைக் கொண்டே ஆற்றலாம் என்கிறார்களே, பலன் கிடைக்குமா?

பதில்: கிடைக்கக்கூடும். கையிலிருந்து எடுத்த சிறிதளவு இரத்தத்தைச் சுழற்கருவியில் இட்டுச் சுழற்றினால் சிவப்பணுக்கள் அடியில் தங்க, மேலே வைக்கோல் நிறத்தில் இரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா தெளிந்து நிற்கும். அதில், இரத்தம் உறைய உதவும் நுண்ணணுக்களான தட்டணுக்கள் செறிந்த பகுதியைப் பிரித்து, பெரும்பாலும் கால்சியம் குளோரைடு சேர்த்துக் கூழாக உறையவைத்துப் புண்ணின்மேல் இடுவார்கள். தட்டணுக்கள் வெளிவிடும் வளர்ச்சிக் காரணிகள் எனும் புரதங்கள் புதிய இரத்த நுண்குழாய்களும் திசுவும் உருவாகத் தூண்டுகின்றன. ஆனால் அழுகிய சதையை அகற்றாமலும், பாதத்துக்கு இரத்த ஓட்டம் போதுமா என்று பாராமலும் இதை மட்டும் செய்வது, என்னைக் கேட்டால், வீண்செலவு. எலும்புவரை கிருமி பரவியிருந்தால் முதலில் அதற்கே மருத்துவம் தேவை. புண்ணின்மீது உடல் எடை அழுந்தாத தனிக் காலணியும் அவசியம்.