ராத்திரி டீயும் வராத தூக்கமும்

அரட்டையை விட வேண்டாம், டீயை விடுங்கள். ராத்திரி 10 மணிக்கு மாட்டுத்தாவணியில் நண்பர்களோடு டீ குடித்துவிட்டு 2 மணி வரை புரண்டு படுப்பதாக எழுதியிருக்கிறீர்கள். டீயோடு உள்ளே போன, தூக்கத்தைத் துரத்தும் காஃபீனில் பாதி குறையவே சுமார் 5 மணி நேரம் ஆகும், ஆளுக்கு ஆள் மாறும். அந்த நேரத்து டிகாஷன் கொதித்துக் கொதித்துக் கறுத்திருக்கும் வேறு.

ஒரு வாரம் மதியம் 2 மணிக்கு மேல் டீ, காபி இல்லாமல் இருந்து பாருங்கள். கடைக்குப் போங்கள், பருத்திப்பால் வாங்கிக்கொள்ளுங்கள். கேலி செய்வார்கள், செய்யட்டும்.

படுத்தும் தூக்கம் வராவிட்டால் எழுந்து மங்கிய வெளிச்சத்தில் கொஞ்சம் உட்காருங்கள். போனை எடுத்து "யாருப்பா முழிச்சிருக்கீங்க" என்று மட்டும் தட்டாதீர்கள், நாலு பேர் வந்துவிடுவார்கள்.

வாரத்துக்கு 3 ராத்திரியாவது இப்படி, அதுவும் 3 மாதமாக என்றால் டாக்டரைப் பாருங்கள். குறட்டையோடு மூச்சு முட்டி விழிப்பு வந்தால் அவ்வளவு நாள் காத்திருக்கவும் வேண்டாம்.