ஆராய்ச்சியில் சேர முன்பணமா? நகையை அடகு வைக்காதீர்கள்

கேள்வி: என் தம்பிக்கு வயது 34. கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து பத்து மாதமாகிறது. தண்டுவடத்தில் டி10 (நெஞ்சுப் பகுதி முதுகெலும்பில் பத்தாவது எலும்பு) அளவில் அடி. இடுப்புக்குக் கீழே அசைவும் உணர்ச்சியும் இல்லை. பிசியோதெரபிக்குப் போகும் இடத்தில் பழக்கமான ஒருவர், பல்கலைக்கழக ஆராய்ச்சி ஒன்றில் சேர்த்துவிடுகிறேன், எழுந்து நிற்க வைக்கும் வீல்சேர் இலவசம், ரோபோ பயிற்சி உண்டு, நடக்கவே வாய்ப்பிருக்கிறது என்கிறார். இடம் பிடிக்க 15,000 ரூபாய் முன்பணம் கேட்கிறார். நகையை அடகு வைத்துக் கொடுக்கலாமா? – ஒரு வாசகி, பெரம்பூர்

பதில்: கொடுக்காதீர்கள். அந்தப் பணம் எந்த ஆராய்ச்சிக்கும் போகாது, கேட்பவரின் சட்டைப்பைக்குத்தான் போகும். ஆராய்ச்சிக்கான செலவைப் பங்கேற்பவர் தலையில் கட்டக் கூடாது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகள் சொல்கின்றன. நியாயமாக, போக்குவரத்துச் செலவையும் அன்றைய கூலி இழப்பையும் அவர்கள்தான் உங்களுக்குத் தர வேண்டும்.

‘இடம் பிடிப்பது’ என்ற பேச்சே பொய். அடி எந்த அளவில், எத்தனை மாதம் ஆயிற்று, படுக்கைப்புண் உண்டா, மூட்டு மடங்கி நிற்கிறதா என்று யாரைச் சேர்க்கலாம், யாரைக் கூடாது என்பதை ஆராய்ச்சி தொடங்கும் முன்பே எழுதி, நெறிமுறைக் குழுவிடம் ஒப்புதல் வாங்கியிருப்பார்கள். தகுதி இருந்தால் சேர்ப்பார்கள், இல்லையென்றால் பேராசிரியரே நினைத்தாலும் முடியாது. இதில் புரோக்கருக்கு என்ன வேலை?

அந்த ஆளிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: ‘சிடிஆர்ஐ பதிவு எண் என்ன?’ மருத்துவப் பரிசோதனை ஆய்வுகளைப் பதிவு செய்யும் இந்தியப் பதிவேடு அது. இணையத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம். பொறுப்பாளர் பெயர், தொலைபேசி எண், சேர்க்கை இன்னும் நடக்கிறதா என்பதெல்லாம் அதிலேயே இருக்கும். எண்ணைச் சொல்லாமல் மழுப்பினால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி, எம்ஆர்ஐ படம், அடையாள அட்டை எதையும் ஒரிஜினலாக அவர் கையில் கொடுத்துவிடாதீர்கள். திரும்ப வாங்க அதற்கும் ஒரு ‘கட்டணம்’ வரும்.

உண்மையான ஆராய்ச்சியே கிடைத்தாலும் அது சிகிச்சை ஆகாது. பல ஆய்வுகளில் குலுக்கல் முறையில் இரண்டு குழுவாகப் பிரிப்பார்கள். தம்பிக்குப் புதுக் கருவி வராமல் வழக்கமான பயிற்சி மட்டுமே கிடைக்கலாம். ஆய்வு முடிந்ததும் கருவியைத் திரும்ப எடுத்துக்கொள்வார்களா என்பதை முதல் நாளே கேளுங்கள். ரோபோ என்றால் எல்லாம் ஒன்றல்ல. சென்னை ஐஐடியும் வேலூர் சிஎம்சியும் சேர்ந்து உருவாக்கிய ‘ப்ளூட்டோ’ கைக்கான பயிற்சி ரோபோ. தம்பிக்குக் கை நன்றாகத்தானே இருக்கிறது! நடக்க வைப்பேன் என்று எந்த ஆய்வாளரும் வாக்குக் கொடுக்க மாட்டார்.

சம்மதப் படிவம் தமிழில் இருக்க வேண்டும், ஒரு பிரதி உங்களுக்குத் தர வேண்டும். இருபது பக்க ஆங்கிலத் தாளை நீட்டி ‘இங்கே ஒரு கையெழுத்து’ என்றால் எழுந்து வந்துவிடுங்கள். கையெழுத்துப் போட வேண்டியவரும் தம்பிதான், நீங்கள் அல்ல. கால் வரவில்லை என்பதால் முடிவெடுக்கும் உரிமை போய்விடவில்லை. நடுவில் வேண்டாமென்று விலகவும் அவருக்கு உரிமை உண்டு. அதற்காக அவர்கள் வழக்கமான சிகிச்சையை நிறுத்தக் கூடாது.

பணம் கொடுப்பது சரியாகும் இடம் ஒன்று உண்டு. இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். ஆராய்ச்சியில் பிறந்த கருவி ஒரு கட்டத்தில் விற்பனைச் சரக்காகிவிடும். சென்னை ஐஐடியில் பேராசிரியர் சுஜாதா சீனிவாசன் தலைமையிலான டிடிகே மறுவாழ்வுக் கருவி ஆராய்ச்சி மையம் உருவாக்கிய ‘அரைஸ்’ என்ற நிற்கும் வீல்சேர் 2019இல் வெளிவந்தது. அங்கிருந்தே கிளைத்த ‘நியோஃப்ளை’ வீல்சேர் 2020இல் வந்தது, அது ஆளுக்கு ஆள் அளவெடுத்துச் செய்வது. இவற்றை வாங்க எந்த ஆய்விலும் சேர வேண்டாம். விலை கொடுக்கத்தான் வேண்டும், அதில் தப்பில்லை. ஆனால் பணம் நிறுவனத்தின் கணக்குக்குப் போக வேண்டும், ஜிஎஸ்டி பில் வர வேண்டும், விற்குமுன் தம்பியை உட்கார வைத்து அளவெடுக்க வேண்டும். தனி ஆளின் ஜிபே எண்ணுக்கு அனுப்பச் சொன்னால் அது விற்பனையும் இல்லை, ஆராய்ச்சியும் இல்லை. ‘ஆய்வு விலை’, ‘ஆய்வுக் கோட்டா’ என்றெல்லாம் பெயர் வைத்தாலும் அப்படித்தான்.

அளவு என்றதும் ஒன்று. வீல்சேர் வழங்கும் முகாமில் எல்லோருக்கும் ஒரே சைஸ் நாற்காலியைக் கொடுத்துப் போட்டோ எடுத்து அனுப்பிவிடுகிறார்கள். இருக்கை அகலம் இடுப்பு அகலத்தைவிட ஓர் அங்குலம்தான் கூட இருக்கலாம். அதற்குமேல் போனால் ஒரு பக்கம் சாய்ந்து முதுகு வளையும், சக்கரத்தை எட்டி எட்டித் தள்ளித் தோள்பட்டை கெடும். இருக்கையின் முன்விளிம்புக்கும் முழங்கால் பின்மடிப்புக்கும் இடையே இரண்டு அங்குலம் இடைவெளி வேண்டும்.

வீல்சேர் இருக்கை மெத்தையை இன்றே சோதியுங்கள். தம்பி உட்கார்ந்திருக்கும்போது மெத்தைக்கு அடியில் உள்ளங்கை மேலே பார்க்கக் கையை விட்டு, உட்காரும் எலும்பு மேலே எங்கே தட்டுகிறது என்று தடவிப் பாருங்கள். கைக்கும் எலும்புக்கும் நடுவில் ஓர் அங்குலத்துக்குக் குறைவாக மெத்தை இருந்தால் அது செத்துவிட்டது, மாற்றுங்கள். கால் மணி முதல் அரை மணிக்கு ஒருமுறை முன்னால் குனிந்து இரண்டு நிமிடம் பாரத்தை இறக்கச் சொல்லுங்கள். ராத்திரி படுக்கையில் போட்டதும் பின்பக்கத்தைப் பாருங்கள். அரை மணி கழித்தும் சிவப்பு மறையவில்லை என்றால் அது புண்ணின் ஆரம்பம். கறுத்த தோலில் சிவப்பு தெரியாது, சூடும் கெட்டியாவதும்தான் அடையாளம். புண் வந்தால் இது போன்ற நிற்கும், நடக்கும் பயிற்சி ஆய்வுகளில் பெரும்பாலும் சேர்க்க மாட்டார்கள். முழங்காலும் இடுப்பும் மடங்கி இறுகிப்போனாலும் அதே கதைதான்.

நிற்க வைக்கும் கருவி எதுவானாலும் சட்டென்று ஏற்றாதீர்கள். பல மாதம் உட்கார்ந்தே இருந்தவரை நிறுத்தினால் ரத்த அழுத்தம் சரிந்து மயங்கலாம். காலெலும்பும் வலுவிழந்திருக்கும், முழங்கால் பக்கம் முறிந்தாலும் வலி தெரியாது. வீக்கத்தையும் சூட்டையும் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

சென்னை கே.கே. நகர் அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையத்தில் தம்பியைக் காட்டுங்கள். மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இல்லையென்றால் முதலில் அதற்கு விண்ணப்பியுங்கள். அதற்கும் காசு வாங்கிப் ‘பண்ணித் தருகிற’ ஆட்கள் வெளியே நிற்பார்கள். அட்டைக்குக் கட்டணம் இல்லை. ஒரே தாளை ஜன்னலுக்கு ஜன்னல் ஜெராக்ஸ் கேட்டு, நடக்க முடியாதவரை மூன்று முறை வரவழைக்கும் முறைதான் இந்தப் புரோக்கர்களுக்குச் சோறு போடுகிறது. ஜெராக்ஸ் ஐந்து செட் எடுத்துக்கொண்டே போங்கள்.

அந்த ஆளுக்கு ஏற்கெனவே ஏதாவது தொகையை ஜிபேயில் அனுப்பியிருந்தால், தாமதிக்காமல் சைபர் மோசடி உதவி எண் 1930க்குப் போன் செய்து புகார் கொடுங்கள்.