பழைய மசில் காருக்கு எந்த ஆட்டோ கியர்பாக்ஸ்? கேட்டதுக்கெல்லாம் பதில்

கேள்வி நிறைய சேர்ந்துடுச்சு, ஒண்ணொண்ணா வரேன். யாரும் கியர்பாக்ஸை மட்டும் தனியா பார்த்து முடிவு பண்ணாதீங்க, பின்னாடி ஆக்சில் ரேஷியோ (சக்கரம் ஒரு சுத்து சுத்த டிரைவ் ஷாப்ட் எத்தனை சுத்து சுத்தணும்ங்கிறது), டார்க் கன்வெர்ட்டர் (இன்ஜினையும் கியர்பாக்ஸையும் ஆயில் மூலமா இணைக்கிறது), கேம் (இன்ஜின் வால்வை திறந்து மூடுற ஷாப்ட்) எல்லாம் ஒரே செட்டு. அதனால ஆக்சில் ரேஷியோ என்னன்னு திரும்பத் திரும்ப கேட்பேன், கோச்சுக்காதீங்க.

கேள்வி: அண்ணா, 1969 கமாரோ, 350 கன இன்ச் ஸ்மால் பிளாக் (சின்ன வகை வி8) இன்ஜின், டர்போ 350 பாக்ஸ் (ஜிஎம்மோட மூணு கியர் ஆட்டோ, டர்போசார்ஜர் இல்ல), ஆக்சில் 3.73. ஹைவேல 65 மைல் போனாலே இன்ஜின் கத்துது. ஆக்சிலை மாத்தவா, 700ஆர்4 (ஜிஎம்மோட நாலு கியர் ஆட்டோ) போடவா?

ரேஷியோவோட கேட்டீங்க பாருங்க, சந்தோஷம். 26 இன்ச் டயர்னு வச்சுக்கிட்டா 65 மைல்ல உங்க இன்ஜின் 3100 ஆர்பிஎம் கிட்ட சுத்தும், கத்தாம என்ன பண்ணும். 700ஆர்4ல நாலாவது கியர் 0.70 (ஓவர்டிரைவ், அதாவது இன்ஜினை விட டிரைவ் ஷாப்ட் வேகமா சுத்துற கியர்), அதுல அதே வேகத்துக்கு 2200தான். ஆக்சிலை 3.08 ஆக்கினா 2600க்கு இறங்கும், ஆனா சிக்னல்ல எடுக்கிற எடுப்பு போயிடும், ஏன்னா டர்போ 350ல முதல் கியர் 2.52, அதை 3.73ஆல பெருக்கினா 9.4, 3.08ஆல பெருக்கினா 7.8தான். 700ஆர்4 முதல் கியர் 3.06, உங்க ஆக்சிலோட 11.4 வருது, அதாவது எடுப்பும் கூடுது ஹைவேயும் அமைதியாகுது. என் ஓட்டு இதுக்குத்தான்.

ஒரு குறை இருக்கு, முதல் கியர்லேர்ந்து ரெண்டாவதுக்கு இடைவெளி பெருசு. 5500ல ஷிப்ட் ஆனா 2900க்கு விழும், டர்போ 350ல 3300தான். பெரிய கேம் போட்டு 3000க்கு கீழ இழுக்காத இன்ஜினா இருந்தா ரெண்டாவது கியர்ல கார் தூங்கி எழுந்திருக்கும். ஸ்டாக் மாதிரி கேம்னா கவலையே படாதீங்க. பழசு வாங்குறதா இருந்தா 1987க்கு அப்புறம் வந்ததா பாருங்க, 82லேர்ந்து 84 வரைக்கும் வந்ததுல இன்புட் ஷாப்ட் 27 ஸ்ப்லைன் (ஷாப்ட் மேல இருக்கிற பல்), பலம் கம்மி.

கேள்வி: 700ஆர்4ல டிவி கேபிள் (த்ராட்டில் வால்வ் கேபிள்) னு சொல்லி எல்லாரும் பயமுறுத்துறாங்களே?

பயப்படணும், நியாயமான பயம்தான். டர்போ 350ல இருக்கிற கேபிள் வெறும் கிக்டவுனுக்கு (அழுத்தி மிதிக்கும்போது கீழ் கியருக்கு இறக்குறது), எவ்வளவு லோடுன்னு அந்த பாக்ஸ் வேக்கும் மாடுலேட்டர் (இன்ஜின் வெற்றிடத்தை வச்சு லோடை உணர்ற கருவி) வழியா தெரிஞ்சுக்கும். 700ஆர்4ல மாடுலேட்டரே கிடையாது, உள்ள ஆயில் பிரஷரையே அந்த கேபிள்தான் ஏத்தி இறக்குது. கேபிள் லூசா இருந்தா கியர் சீக்கிரமா, பட்டு மாதிரி மெத்துனு விழும், ஓட்டுறவருக்கு ஆஹான்னு இருக்கும், உள்ள பிரஷர் இல்லாம கிளட்ச் கருகிட்டு இருக்கும். ஆக்சிலரேட்டரை முழுசா மிதிச்சா கேபிளும் முழுசா இழுபடணும், அதுக்கு உங்க கார்புரேட்டருக்கு ஏத்த பிராக்கெட் வாங்கி, பிரஷர் கேஜ் மாட்டி செட் பண்ணுங்க. கேபிளை மாட்டாம சும்மா தெருமுனை வரைக்கும்னு கூட எடுக்காதீங்க.

கேள்வி: சார், 1967 பாண்டியாக் ஜிடிஓ, ஒரிஜினல் டர்போ 400 (ஜிஎம்மோட இன்னொரு மூணு கியர் ஆட்டோ). எனக்கும் ஓவர்டிரைவ் வேணும், 700ஆர்4 உட்காருமா?

நேரா உட்காராது. பாண்டியாக் இன்ஜினோட பின்பக்க போல்ட் அமைப்பு வேற, 700ஆர்4க்கு ஏத்த செவர்லே அமைப்பு வேற, நடுவுல அடாப்டர் பிளேட் போடணும். நீங்க 200-4ஆர் (ஜிஎம்மோட இன்னொரு நாலு கியர் ஓவர்டிரைவ் பாக்ஸ்) தேடுங்க, அதுல ரெண்டு அமைப்புக்கும் ஓட்டை போட்ட கேஸ் வந்துச்சு, பின்னாடி மவுன்ட்டும் டர்போ 400 இருக்கிற இடத்துலயே வரும். யோக் (டிரைவ் ஷாப்ட் பாக்ஸுக்குள்ள சொருகுற முனை) மட்டும் மாத்தணும், டர்போ 400க்கு 32 ஸ்ப்லைன், இதுக்கு 27. ஸ்டாக் பாக்ஸ் ஜிடிஓ டார்க்குக்கு தாங்காது, நல்லா பில்ட் பண்ணது வேணும். பியூக் கிராண்ட் நேஷனல்ல வந்தது இதே பாக்ஸ்தான், அதனாலயே விலையும் ஏறிப் போச்சு. இதுக்கும் டிவி கேபிள் உண்டு, மேல சொன்னது அப்படியே பொருந்தும். கழட்டின டர்போ 400ஐ வித்துடாதீங்க, 1967லதான் ஜிடிஓவுக்கு அது வந்துச்சு, அதுக்கு முந்தின வருஷம் வரைக்கும் ரெண்டு ஸ்பீடுதான்.

கேள்வி: ஜங்க்யார்டுல எது எதுன்னு எப்படி கண்டுபிடிக்கிறது?

கீழ படுத்து ஆயில் பேன் போல்டை எண்ணுங்க. பவர்கிளைடு (செவர்லேயோட ரெண்டு கியர் ஆட்டோ) 14, டர்போ 350யும் 400உம் 13 (பேன் வடிவம் வேற, 350 ஒரு மூலை வெட்டின சதுரம், 400 கோணல்மாணலா இருக்கும்), 700ஆர்4 16. 200-4ஆரும் 16தான், ஆனா 700ஆர்4 பேன் சதுரமா இருக்கும், இது அப்படி இருக்காது.

கேள்வி: 1970 செவெல், 454, மாசம் ஒரு தடவை டிராக், மத்த நாள் ரோடு. பவர்கிளைடு போட சொல்றாங்க ப்ரோ.

சொல்றவர் டிரெய்லர்ல கார் கொண்டு வர்றவரா இருப்பார். ரோட்டுல ரெண்டு கியரோட எதுக்கு அவஸ்தை, டர்போ 400 போதும். காசு இருந்தா 4எல்80ஈ (கம்ப்யூட்டர்ல ஓடுற நாலு கியர் ஆட்டோ), கியர் ரேஷியோ அதேதான், கூட 0.75 ஓவர்டிரைவ். கம்ப்யூட்டர் கன்ட்ரோலர் வேணும், டனல்ல (கார் தரை நடுவுல கியர்பாக்ஸுக்கு இருக்கிற மேடு) தட்டி வெட்டுற வேலையும் வரலாம்.

கேள்வி: கன்வெர்ட்டர்ல ஸ்டால் (எந்த ஆர்பிஎம்ல நல்லா பிடிக்க ஆரம்பிக்கும்ங்கிறது) ஜாஸ்தியா 3500 போட்டா வேகமா கிளம்புமா?

கேம் அங்கதான் பவர் தருதுன்னா கிளம்பும். இல்லன்னா ஆயில்தான் கொதிக்கும். ஓவர்டிரைவ்ல 2200ல ஓடும்போது கன்வெர்ட்டர் வழுக்கிட்டே இருக்கும், அதனால லாக்கப் (வழுக்காம பூட்டிக்கிற வசதி) உள்ளதா வாங்குங்க, ரேடியேட்டருக்கு முன்னாடி தனி கூலரும் வைங்க. மாட்டும்போது கன்வெர்ட்டரை சுத்திக்கிட்டே உள்ள தள்ளுங்க, டக், டக், டக்னு மூணு தடவை இறங்கணும். இன்ஜினோட பாக்ஸை போல்ட் பண்ண அப்புறமும் கன்வெர்ட்டர் கையால சுத்தணும், பிளெக்ஸ்பிளேட்டுக்கும் (இன்ஜினையும் கன்வெர்ட்டரையும் இணைக்கிற மெல்லிய தட்டு) அதுக்கும் நடுவுல 1/8 இன்ச்லேர்ந்து 3/16 வரைக்கும் இடைவெளி இருக்கணும். இடைவெளியே இல்லாம போல்டை முறுக்கி இழுத்தா முதல் ஸ்டார்ட்லயே கியர்பாக்ஸ் ஆயில் பம்ப் உடையும்.

கேள்வி: 68 மஸ்டாங், 302, சி4 (ஃபோர்டோட மூணு கியர் ஆட்டோ) கழட்டிட்டு ஏஓடி (ஃபோர்டோட நாலு கியர் ஓவர்டிரைவ் ஆட்டோ) போட்டேன், ஒரே நடுக்கம்.

பிளெக்ஸ்பிளேட் பாக்ஸோடவே வந்ததா? பழைய 302க்கு 28 அவுன்ஸ் இம்பேலன்ஸ் (இன்ஜின் சமநிலைக்காக பிளேட்ல வச்சிருக்கிற எடை), 80கள்ல வந்த 5.0க்கு (அதே 302தான்) 50. பிளேட்டை மாத்துங்க, பெரும்பாலும் நின்னுடும்.

கேள்வி: 1970 சேலஞ்சர், 440 இன்ஜின், 727 பாக்ஸ் (கிரைஸ்லரோட மூணு கியர் ஆட்டோ). மாத்தணுமா?

வேணாம், நல்ல பாக்ஸ். வேற 727 வாங்கினா 440 மாதிரி பிக் பிளாக் (பெரிய வகை வி8) கேஸான்னு பாருங்க, பெல் ஹவுசிங் (இன்ஜினோட சேருற முன்பக்க பகுதி) கேஸோடவே வார்த்தது, ஸ்மால் பிளாக்கோடது சேராது. பர்ன்அவுட் பண்ணும்போது டயர் சுத்திக்கிட்டு இருக்கையிலேயே நியூட்ரலுக்கு தள்ளுற பழக்கம் இருந்தா விட்டுடுங்க, உள்ள டிரம் வெடிச்சு தரையைப் பிளந்து காலுக்கு வரும்.